எண்ணெயக்காவின் வருஷ பாஸ்

ஒரு பார்க்குக்குள் எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கண்டுபிடிக்க எல்லோரும் வரிசையைத்தான் பார்க்கிறார்கள். வரிசை நீளமாக இருந்தால் நல்ல கடையாம். பதினாறு வருஷம் ராட்டினம் ஓட்டுகிறவன் சொல்கிறேன், அது சுத்தப் பேத்தல். வரிசை நீளமாக இருந்தால் உள்ளே இருக்கிறவன் ஆமை வேகத்தில் வேலை பார்க்கிறான் என்று அர்த்தம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது தொப்பியை. மத்தியானம் ஒரு கடைக்கு வந்த தொப்பி சாயங்காலம் அதே கடைக்குத் திரும்பி வருகிறதா? வந்தால் அதுதான் நல்ல கடை.

ராட்டினத்தை நான் உட்கார்ந்து ஓட்டுகிற கூண்டு தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் இருக்கிறது. கீழே பதினோரு சாப்பாட்டுக் கடைகளும் தெரியும், போகிற வருகிற ஜனங்களின் தொப்பிகளும் தெரியும். தொப்பிகள் திரும்பி வந்த கடை ஒன்றே ஒன்றுதான், ஏழாம் நம்பர். ராட்டினத்துக்கு நேர் எதிரே, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், யாருக்கும் வேண்டாத மூலையில் இருந்த கடை. பொரித்த கோழியும் பொரித்த உருளைக்கிழங்கும் தவிர அங்கே வேறொன்றும் கிடையாது. அதை நடத்தியவள் எண்ணெயக்கா.

என்னைவிட நாலு வயது சின்னவள். ஆனால் பார்க் முழுக்க அவளை அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன், அவள் என்னை அண்ணே என்றாள். இந்த முறை யாருக்கும் இடிக்கவில்லை. பத்தொன்பது வயதில் ஆஸ்பத்திரி கேன்டீனில் தட்டு கழுவ ஆரம்பித்தவள். அப்புறம் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தாள். முப்பது வயதில் பார்க்குக்கு வந்து பொரிக்கிற சட்டிக்கு முன்னால் நின்றாள், பதினோரு வருஷம் நகரவில்லை. வீட்டுக்காரர் சிமெண்டுக் கலவை லாரி ஓட்டுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் ஆறு 'ம்'. ஒரே மகள், வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எண்ணெய் சூடானதும் அக்கா ஒரே ஒரு கிழங்குத் துண்டைப் போடுவாள். போட்டுவிட்டுக் காதைச் சாய்ப்பாள். சடசடவென்று சத்தம் வந்தால் தலையை ஆட்டுவாள். முணுமுணுவென்று வந்தால், "கிழடு தட்டிருச்சு" என்று மொத்த எண்ணெயையும் வடித்துவிடுவாள். கழுத்தில் தக்காளி உருவத்தில் ஒரு மணிக்கடிகாரம் தொங்கும். பொரித்து எடுத்த எதுவும் பத்து நிமிஷத்துக்கு மேல் தட்டில் இருக்கக் கூடாது. மணி அடித்தால் விற்பனைக்குக் கிடையாது. அது எங்களுக்கு, அதாவது ராட்டினக்காரன், படகுக்காரன், கூட்டுகிறவர்கள். "மணி அடிச்சிருச்சு, வாங்க!" என்று கூப்பிடுவாள். பதினோரு வருஷம் நான் அந்த மணிக்கு ஓடியிருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்று அப்புறம் தெரியும்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. ஒவ்வொரு கடையிலும் இறைச்சி வைக்கிற குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் தொங்கும். காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்டியின் டிகிரியைப் பார்த்து அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாலு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சமையல்கட்டில் வேலை பார்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்தத் தாளை எப்படி நிரப்புவார்கள் என்று. திங்கட்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டே ஞாயிறு வரைக்கும் நாலு, நாலு, நாலு என்று இழுத்துவிடுவார்கள். பதினோரு கடையில் பத்துக் கடை அப்படித்தான். அக்கா மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்த்து எழுதுவாள். மூன்று இருந்தால் மூன்று, ஐந்து இருந்தால் ஐந்து.

"ஏங்கா இந்த வம்பு? நாலுன்னு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பெட்டி சொல்றத எழுதுறேன் அண்ணே. நமக்கு வேணுங்கறத எழுதுறதுக்கு அது என்ன காதல் கடிதமா?" என்றாள்.

அந்த நேர்மைதான் அவள் கழுத்துக்குக் கயிறானது. கயிற்றை மாட்டியவர் ஸ்பூன் சார்.

ஸ்பூன் சார் எங்கள் உணவு மேனேஜர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு ஸ்பூன் வைத்திருப்பார். எந்தக் கடைக்குப் போனாலும் அதை உருவி, கண்ணை மூடி, ஒரு வாய் ருசி பார்ப்பார். பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஏதோ தேவைப்படுது" என்பார். என்ன தேவைப்படுகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு. அவருடைய செல்லப்பிள்ளை நுழைவாயிலுக்கு எதிரே இருந்த கோட்டை உணவகம். ஏசி, இருநூறு நாற்காலி, கோபுரம், கோபுரத்தின் மேல் கொடி. அங்கே எண்ணெய் நாலு நாள் கொதிக்கும். அக்காவையும் இரண்டு நாள் ஓட்டச் சொன்னார். அவள் தினமும் மாற்றினாள். மூன்று வருஷம் இருவருக்கும் இதே சண்டை. அவளைக் கண்டாலே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அது ஒரு விடுமுறை நாள். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் எப்போதோ ஏழாம் நம்பர் குளிர்பெட்டி நின்றுபோயிருந்தது. பத்து மணிக்கு அக்கா கதவைத் திறந்து பார்த்தாள், பதினொன்று. தாளில் பதினொன்று என்றே எழுதினாள். உள்ளே பன்னிரண்டு தட்டுக் கோழி இருந்தது. ஒவ்வொரு தட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து என் கூண்டுக்குக் கீழே இருந்த குப்பைத் தொட்டியில் கொட்டினாள். நான் மேலேயிருந்து, "என்னக்கா, பன்னிரண்டுமா?" என்று கேட்டேன். "பன்னிரண்டும்தான். பிள்ளைங்க வர்ற நாள் அண்ணே" என்றாள். அன்றைக்குக் கிழங்கு மட்டும்தான் விற்றாள். மூன்று மணிக்குக் குப்பை வண்டி வந்து தொட்டியைக் காலி செய்துகொண்டு போனது.

நாலு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாந்தியெடுக்க ஆரம்பித்தார்கள். முப்பத்தெட்டுப் பேர். எல்லோரும் மத்தியானம் கோட்டையில் கோழி தின்றவர்கள், அப்புறம் கண்ட கடையிலும் கண்டதைத் தின்றவர்கள். நல்ல வேளையாக இரண்டே நாளில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் யார் தலையையாவது உருட்ட வேண்டுமே. மூன்று பேர் கமிட்டி போட்டார்கள், ஸ்பூன் சார் அதில் ஒருவர். பதினோரு கடைத் தாள்களையும் மேஜையில் பரப்பினார்கள். பத்துத் தாளில் வரிசையாக நாலு, நாலு, நாலு. ஒரே ஒரு தாளில் பதினொன்று.

"நாங்க சொல்லலம்மா. நீங்களே உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார் ஸ்பூன் சார்.

"எழுதிட்டுக் கொட்டிட்டேன் சார். ராட்டினக்கார அண்ணன் பார்த்தாங்க. கேட்டுப் பாருங்க."

என்னைக் கூப்பிட்டார்கள். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அந்த மாதம்தான் ஆபீசில் இருந்தது. ஸ்பூன் சார் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நீங்க ராட்டினத்த பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க, இல்ல?" என்றார்.

நான் தலையாட்டினேன். "ஆமா சார். கீழ கவனிக்கல."

பதினோரு வருஷம் அவள் கையால் தின்ற வாய் அது. அக்கா என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். 

அன்றே வேலை போயிற்று. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊழியர் வாசல் சுவரில் ஸ்பூன் சார் ஒரு பெரிய நோட்டீஸ் ஒட்டினார், அவரே வாளியும் பிரஷ்ஷுமாக நின்று ஒட்டினார். மேலே அக்காவின் அடையாள அட்டைப் போட்டோ. அதற்குக் கீழே, இவருடைய அலட்சியத்தால் முப்பத்தெட்டுக் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள் என்று நாலு வரி. கடைசி வரி இது: 'சாட்சியை விசாரித்ததில் இவர் கூறியது உண்மை எனத் தெரியவில்லை.' யாரும் கிழித்துவிடக் கூடாது என்று டைல்ஸ் ஒட்டுகிற பசையைப் போட்டு ஒட்டியிருந்தார். தினமும் காலையில் நான் அந்தக் கடைசி வரியைத் தாண்டித்தான் உள்ளே போனேன்.

அக்கா நாலு சமையல்கட்டுகளில் வேலை கேட்டாள். நாலு இடத்திலும் முதலில் சரி என்றார்கள். அப்புறம் பார்க்குக்கு போன் போட்டார்கள். அப்புறம், "சொல்லி அனுப்புறோம்மா." யாரோ நோட்டீஸைப் போட்டோ எடுத்து போனில் சுற்றவிட்டிருந்தார்கள். ஹாஸ்டலில் ஒருத்தி மகளிடம் அதைக் காட்டி, "இது உங்கம்மாவா?" என்று கேட்டிருக்கிறாள். மகள் இல்லை என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அன்று சாயங்காலம் அம்மாவுக்கு போன் பண்ணி, சொன்னதையும் சொல்லி அழுதாள். இதெல்லாம் ரொம்ப நாள் கழித்து லாரிக்கார மச்சான் எனக்குச் சொன்னது. அவர் வாழ்நாளில் சேர்ந்தாற்போல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. "வேலை போனா வேற வேலை. என் பொண்ணு வாயால நான் அவளுக்கு அம்மா இல்லன்னு சொல்ல வச்சுட்டான். அந்தத் தாளை ஒட்டின கையாலயே அவன் எடுக்கணும். நான் நின்னு பார்க்கணும்" என்றாளாம். மச்சான் 'ம்' என்றார். மறுநாள் அவளுக்குப் பார்க்கின் வருஷ பாஸ் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார்.

பாஸில் ஒட்ட ஒரு போட்டோ கேட்டார்கள். அக்கா நோட்டீஸில் இருந்த அதே போட்டோவைக் கொடுத்தாள்.

முதல் நாள் காலை வாசல் காவலருக்கு நாக்குக் குழறியது. "அக்கா, நீங்க உள்ள..."

"வேலைக்கு வரல தம்பி. சுத்திப் பார்க்க வந்திருக்கேன். பாஸைப் பார்த்துக்கோ. போட்டோ சரியா இருக்கா? வேணும்னா ஊழியர் வாசல் சுவத்துலயும் ஒண்ணு இருக்கு, ஒத்துப் பார்த்துக்கோ."

நேராக என் ராட்டினத்துக்கு வந்தாள்.  ராட்டினப் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, கம்பியைப் போட்டுக்கொண்டு, "அண்ணே, இதையாவது கவனிச்சுச் சுத்துங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏழு மாதம், தினமும் பதினோரு மணிக்கு ஒரு சுற்று. தினமும் அதே வார்த்தை. ஒரு நாள்கூட விட்டதில்லை.

ஒரு சுற்றுக்கு எட்டு நிமிஷம். உச்சியிலிருந்து எல்லாக் கடைகளையும் நோட்டம் விடுவாள். இறங்கியதும் கோட்டைக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஏன் அந்த பெஞ்ச் என்றால், பிள்ளைகள் விவகாரத்துக்குப் பிறகு ஜனங்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெற ஸ்பூன் சார் ஒரு யோசனை செய்திருந்தார். குளிர்பெட்டித் தாள்களை ஒவ்வொரு கடைக்கு வெளியேயும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டார். 'எங்கள் சுத்தம், உங்கள் கண்முன்னே' என்று மேலே பெரிய எழுத்து. கோட்டையின் சட்டம் பெஞ்சுக்கு நேர் எதிரே. திங்கட்கிழமை காலையிலேயே அதில் ஞாயிறு வரைக்கும் நாலு, நாலு, நாலு என்று இருந்ததை அக்கா முதல் வாரமே பார்த்துவிட்டாள்.

"அப்பவே போய்ச் சொல்லியிருக்கலாமே?" என்று அப்புறம் காவலர் கேட்டார்.

"சொன்னா ஏதோ எழுத்துப் பிழைன்னு பூசி மெழுகிருவான். பெட்டியும் கெட்டு நிக்கணும், தாளும் பொய் சொல்லணும், ரெண்டும் ஒரே நாள்ல மாட்டணும்" என்றாள் அக்கா.

காத்திருக்கிறவள் சும்மா இருக்க முடியுமா? சாப்பிட்டாள். தினம் ஒரு கடை, ஒரு தட்டு, கடைசித் துணுக்கு வரைக்கும். இதற்குள் பெஞ்சில் தினமும் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் வருகிற குடும்பங்கள் விசாரிக்க ஆரம்பித்தன. இங்கே எது நல்லா இருக்கும்?

அக்கா புட்டுப் புட்டு வைத்தாள். "சோளம் வாங்கினா ரெண்டாவது பானையில இருந்து கேளுங்க, முதல் பானை காலையில இருந்து வேகுது. நூடுல்ஸ் மத்தியானம் போங்க, உயரமா ஒரு பொண்ணு வரும், அது கையில மணம் இருக்கு. காலையில நிக்கிற ஆள் தூக்கத்துல உப்புப் போடுறார். ஐஸ்கிரீம் படகுப் பக்கம் வாங்காதீங்க, மெஷின் வெயில்ல நிக்குது, குளத்துப் பக்கம் வாங்குங்க."

"இந்தக் கோட்டை எப்படிம்மா?"

"ஏசி ரொம்ப நல்லா இருக்கும்" என்பாள் அக்கா.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சோளக் கடைப் பக்கம் நடந்துவிடுவார்கள். மூன்று மாதத்தில், "பெஞ்ச் அக்கா எங்க இருக்காங்க?" என்று டிக்கெட் கவுன்டரிலேயே கேட்கிற நிலைமை வந்துவிட்டது. மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேனே, கோட்டைக்குள் போகிற தொப்பிகள் குறைந்துகொண்டே வந்தன. மனசுக்குள் குத்தாட்டம் போட்டேன். வெளியே காட்டிக்கொள்ளத்தான் எனக்குத் தகுதியில்லை.

ஸ்பூன் சார் ஆபீசில் போய்க் குதித்தார். பாஸ் வைத்திருக்கிற ஆளை பெஞ்சில் உட்காரக் கூடாது என்று சொல்ல விதி ஏதும் இல்லை என்றார்கள். கடைசியில் அவரே பெஞ்சுக்கு வந்தார்.

"எத்தனை நாளைக்கும்மா இந்தக் கூத்து? அந்த நோட்டீஸ் நான் ரிட்டயர் ஆனாலும் அங்கதான் இருக்கும். சுவரை இடிச்சாதான் வரும்."

"உங்க ஸ்பூனைக் கொஞ்சம் கொடுங்க சார்" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"உறுதியா இருக்கான்னு பார்க்கத்தான்."

அவருக்குப் புரியவில்லை. அப்புறம் கேள்விப்பட்டபோது எனக்கும் புரியவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு வேடிக்கை. கோட்டைக்குப் புதிதாக ஒரு பேக்கரிக்காரர் வந்தார். அவர் போட்ட வெண்ணெய் ரொட்டி உண்மையிலேயே பிரமாதம். அன்றிலிருந்து அக்கா, "ரொட்டி மட்டும் கோட்டையில வாங்குங்க, பதினோரு மணிக்குச் சூடா எடுப்பாங்க" என்று ஜனங்களை அனுப்ப ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் ராட்டினத்தில் ஏறும்போது வாயை அடக்க முடியாமல், "என்னக்கா, அந்த ஆளுக்கே ஆள் பிடிச்சு அனுப்புறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ரொட்டி நல்லா இருக்கு, சொன்னேன். பார்த்தத பார்க்கலன்னு சொல்ற வேலை எனக்குத் தெரியாது அண்ணே" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கு ராட்டினத்தை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டேன்.

ஏழாவது மாதம் அந்த நாள் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை சிறந்த உணவுக்கு ஷீல்டு கொடுப்பார்கள். முதலாளியம்மா நேரில் வந்து சாப்பிட்டுவிட்டுக் கொடுப்பார். எழுபது வயது, கைத்தடி, கணீரென்ற குரல். எந்த வருஷமும் கோட்டைக்குத்தான் ஷீல்டு. அன்றைக்கும் கோட்டையில் தோரணம் கட்டி, மேஜை விரித்து, தடபுடல். அந்த ஆரவாரத்தில் கோட்டையின் பெரிய குளிர்பெட்டி மூச்சை விட்டுவிட்டது.

வாசல் வழியாகக் கொண்டுபோனால் மானம் போகுமே. நாலு பேர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து, என் ராட்டினத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். ராட்டினத்தின் நடுவில் பெரிய கடிகாரம் உண்டு. அதில் அப்போது பத்தரை. பெட்டியில் இருந்த கோழியைக் கோட்டைச் சமையல்கட்டில் மேஜை மேலேயே அடுக்கி வைத்துவிட்டார்கள் என்று தள்ளி வந்தவர்களில் ஒருவர் சொல்லிக்கொண்டே போனார்.

பதினோரு மணிக்கு அக்கா வழக்கம்போல ராட்டினத்தில் ஏறினாள். உச்சிக்குப் போனதும் எழுந்து நிற்கப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, குனிந்து, தார்ப்பாயையே பார்த்தாள். இறங்கினாள். பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். பெட்டியும் ராட்டினக் கடிகாரமும் சேர்ந்து தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்தாள். கோட்டைக்குப் போய்க் கண்ணாடிச் சட்டத்தை ஒரு படம் எடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

பன்னிரண்டரைக்கு முதலாளியம்மா வந்தார். உள்ளே போவதற்கு முன்னால் ஜனங்களிடம், "எங்க சாப்பிட்டீங்க? எது நல்லா இருந்தது?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். ஒருவர் சோளம் என்றார், ஒருவர் நூடுல்ஸ் என்றார், ஒருவர் ரொட்டி என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "பெஞ்ச் அக்கா சொன்னாங்க."

"யார் அந்த பெஞ்ச் அக்கா? கூப்பிடுங்க அவங்கள."

ஸ்பூன் சார் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா எழுந்து வந்தாள். முதலாளியம்மாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "நீதானாம்மா? எனக்கும் பசிக்குது. எங்க சாப்பிடலாம், நீயே சொல்லு."

"சொல்றேம்மா. அதுக்கு முன்னாடி ஒரு தாளைப் படிச்சிரலாம். ரெண்டு நிமிஷம்தான்." கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். "இப்ப மணி என்னம்மா?"

"பன்னிரண்டு நாற்பது."

"ரெண்டு மணிக்கு எத்தனை டிகிரின்னு போட்டிருக்கு, பாருங்க. நாலு மணிக்கு? ஆறு மணிக்கு? நாளைக்கு?"

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. "எழுதற பொண்ணு புதுசும்மா, ஏதோ தெரியாம..." என்று ஸ்பூன் சார் ஆரம்பித்தார்.

"பெட்டியக் காட்டுங்க சார். தாள் தப்புன்னா பெட்டியப் பார்த்துருவோம்" என்றாள் அக்கா. பார்ப்பதற்குப் பெட்டி எங்கே இருக்கிறது? அக்காவே ஊர்வலம் மாதிரி எல்லோரையும் ராட்டினத்துக்குப் பின்னால் கூட்டி வந்தாள். முதலாளியம்மா கைத்தடியால் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே ஈரமும் நாற்றமும். அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"இது எப்ப இங்க வந்தது? நீ பார்த்தியா?"

ஸ்பூன் சாரும் என்னைப் பார்த்தார். அதே சிரிப்பைச் சிரிக்க முயற்சி செய்தார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தரைக்கு வந்ததும்மா. பார்த்தேன்" என்றேன்.  பிறகு மிச்சத்தையும் சொன்னேன். "பிள்ளைங்களுக்கு முடியாம போச்சே, அன்னைக்கும் பார்த்தேன். இந்த அக்கா பன்னிரண்டு தட்டுக் கோழியையும் இந்தத் தொட்டியிலதான் கொட்டினாங்க. வேலை போயிருமோன்னு பயந்து கவனிக்கலன்னு சொல்லிட்டேன்."

பழைய பைல்களைக் கொண்டுவரச் சொல்லி, அன்று மத்தியானமே முதலாளியம்மா ஆபீசில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் தின்ற அந்த வாரத்துக் கோட்டைத் தாளும் வந்தது. அந்த வாரம் புதன்கிழமை வெள்ளையடிப்பதற்காகக் கோட்டையை முழுதாக மூடி, கரண்ட்டையும் நிறுத்தியிருந்தார்கள். தாளில் புதன்கிழமையும் நாலு, நாலு, நாலு. அந்தப் புதன் முழுக்க அணைந்த பெட்டியில் கிடந்த கோழியைத்தான் பிள்ளைகள் தின்றிருந்தார்கள்.  ஷீல்டு அன்று யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

"உனக்கு என்னம்மா வேணும்? வேலையா? நஷ்டஈடா?" என்று முதலாளியம்மா கேட்டாராம்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். வாசல்ல ஒரு தாள் இருக்கு. ஒட்டினவரே அதை எடுக்கணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு, எல்லாரும் வேலைக்கு வர்ற நேரத்துல."

மறுநாள் எட்டு மணிக்கு ஊழியர் வாசலில் எள் போட்டால் எள் விழாது. அக்கா மகளை வரவழைத்திருந்தாள். அந்தப் பெண் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மச்சான் கலவை லாரியை என்ஜினை அணைக்காமல் தெருவிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார். ஸ்பூன் சார் வந்தார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். டைல்ஸ் பசை, அசையுமா? தண்ணீர் தெளித்துப் பார்த்தார். ஏதாவது தகடு கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தார். ஒருத்தரும் நகரவில்லை.

"சட்டைப் பையில இருக்கே சார்" என்றாள் அக்கா. "உறுதியானதுதான்."

ஸ்பூன் சார் ஸ்பூனை உருவினார். சுரண்ட ஆரம்பித்தார். கர், கர் என்று அந்தச் சத்தம் எனக்குத் தேன் மாதிரி இருந்தது, பொய் சொல்வானேன். போட்டோ தூள் தூளாக உதிர்ந்தது. ஒவ்வொரு வரியாகப் போயிற்று. சட்டையெல்லாம் சுண்ணாம்பு. ஸ்பூன் வளைந்துபோனது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அக்கா கண்ணை இமைக்கவில்லை. கழுத்தில் அந்தத் தக்காளிக் கடிகாரத்தை மாட்டி வந்திருந்தாள்.

கடைசி வரி மட்டும் பாக்கி இருந்தபோது அக்கா, "போதும் சார். நிறுத்துங்க" என்றாள்.

மனசு இளகிவிட்டாள் போல என்று நினைத்தேன். அவர் கையிலிருந்து வளைந்த ஸ்பூனை வாங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து அதை நீட்டினாள்.

"அந்த வரி அவரோடது இல்ல. உங்களோடது அண்ணே."

'சாட்சியை விசாரித்ததில் இவர் கூறியது உண்மை எனத் தெரியவில்லை.' ஏழு மாதத்துக்கு மேலாகத் தினமும் தாண்டிப் போன வரி. நேற்று உண்மையைச் சொல்லிவிட்டோமே, கழிந்தது என்று இருந்தேன். அக்காவின் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பூனை வாங்கிக்கொண்டு சுவருக்கு முன்னால் போய்க் குனிந்தேன்.

பசை நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. அந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு எழுத்து விடாமல் போகும் வரைக்கும் அக்கா எனக்குப் பின்னால் நின்றாள். ராட்டினம் அன்றைக்குத் தாமதமாகத்தான் சுற்றியது.